நிலையம் இங்கே; மக்கள் எங்கே?



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னையிலிருந்து வந்திருந்த என் தம்பிக்குச் சபர்மதி ஆற்றங்கரையைக் காட்டலாம் என்று புறப்பட்டேன். குஜராத் பல்கலைக்கழக நிலையத்தில் மெட்ரோ ரயில் ஏறினோம். மூன்றாவது நிலையம் ‘பழைய உயர்நீதிமன்றம்’. அங்கே இறங்கி ஆற்றங்கரைக்கு நடந்தே போனோம். நீர் நிறைந்த ஆறு, இரு கரையிலும் கல் பாவிய நடைபாதை, பூங்கா, காற்று வாங்க வந்த கூட்டம். தம்பி நெடுநேரம் பேசாமல் நின்றான். பிறகு, “அண்ணா, நம்ம கூவம் கரை எப்போ இப்படி ஆகும்?” என்று கேட்டான்.

எளிய கேள்விதான். ஆனால் அதற்கு உடனே விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. அன்று சொல்லாத விடையை இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில் நிலையத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்நகரின் இரண்டு மெட்ரோப் பாதைகளும் சந்திக்கும் இடம் அதுவே. கிழக்கு மேற்குப் பாதையின் பெரும்பகுதி 2022 செப்டம்பர் 30ஆம் நாளும், வடக்கு தெற்குப் பாதை அதற்கடுத்த வாரமும் திறக்கப்பட்டன. அங்கிருந்து கிழக்கே போகும் வண்டி ஆற்றைக் கடந்து, ஷாப்பூரில் பூமிக்கடியில் புகுந்து, பழைய நகரத்தின் நெரிசலுக்குக் கீழே ஓடுகிறது. பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. உயர்நீதிமன்றம் 1999லேயே நகரின் மேற்கெல்லையில் உள்ள சோலாவுக்குப் போய்விட்டது. நீதிமன்றம் போனபின் வந்த நிலையம் அதன் பெயரைச் சுமந்து நிற்கிறது. இந்த நிலையத்தை நான் வெறுப்பவன் அல்லன். வாரத்தில் மூன்று நாள் அதைப் பயன்படுத்துகிறேன். வெயிலில் வெந்து, பஸ்ஸில் நசுங்கிய நமக்கு அது பெரிய வரப்பிரசாதம் என்பதில் ஐயமில்லை.

ஆயின், அந்த நிலையம் யாருக்காக?

இக்கேள்வியை என் உள்ளத்தில் எழுப்பியவர் எங்கள் விடுதிச் சமையற்கட்டில் பாத்திரம் துலக்கும் ஓர் அம்மாள். குஜராத்தியில் தாயின் உடன்பிறந்தாளை ‘மாசி’ என்பார்கள். நாங்கள் எல்லோரும் அவரை அப்படித்தான் அழைப்போம். ஒருநாள் இரவு அவர் அவசரம் அவசரமாகக் கிளம்பிக்கொண்டிருந்தார். “மெட்ரோவில் போகலாமே, மாசி?” என்றேன். அவர் சிரித்தார். “அது எங்கள் வீட்டுப் பக்கம் வராது, பேட்டா” என்றார். அவர் வீடு வட்வாவில். ஒரு பஸ், அதன்பின் ஆள் சேர்த்து ஓட்டும் ஷட்டில் ரிக்ஷா. போக வர அன்றாடம் மூன்று மணி நேரம்.

முன்பு எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். ஷாப்பூர்ப் பக்கம், ஆற்றங்கரையில் என்றார். அந்த நாளில் காந்தி பாலத்தின்மீது நடந்தே வந்து இக்கரையில் நான்கு வீடுகளில் வேலை செய்துவிட்டு, பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புமுன் வீடு சேர்ந்துவிடுவாராம். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. பழைய கதையாகவே சொன்னார். எனக்குத்தான் அன்றிரவு உறக்கம் வரவில்லை.

நண்பர்களே, நாம் உலாவும் அந்த நடைபாதை வெற்றிடத்தில் எழுந்ததன்று. ஆற்றங்கரையைச் சீரமைக்க 1997இல் ஒரு நிறுவனம் அமைக்கப்பட்டது. ஆற்றின் அகலத்தைச் சுருக்கி, சுவர் எழுப்பி, ஏறத்தாழ 200 ஹெக்டேர் நிலம் மீட்கப்பட்டது. 2012 ஆகஸ்டில் நடைபாதை மக்களுக்குத் திறக்கப்பட்டது. நர்மதைக் கால்வாயின் நீர் இன்று அதில் நிறைந்து நிற்கிறது. அதற்குமுன் ஆண்டின் பெரும்பகுதி அது மணல் ஆறு. அந்த மணலில் காய்கறி பயிரிட்டவர்கள் இருந்தார்கள். துணி வெளுத்தவர்கள் இருந்தார்கள். எல்லிஸ் பாலத்தடியில் ஞாயிறுதோறும் குஜரி சந்தை கூடியது. கரைகளில் குடிசைகள் நெருங்கியிருந்தன. அவர்களுக்காக 2005இல் உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு நடந்தது. முடிவில் 10,000க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு மாற்று வீடு கிடைத்தது. அவற்றுள் பல, வட்வா, ஓடவ் போன்ற நகரின் விளிம்புப் பகுதிகளில் இருந்தன.

“வீடுதான் கொடுத்தார்களே, இன்னும் என்ன?” என்று கேட்போர் உளர். அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. வெள்ளம் வந்தால் தலைச்சுமையோடு மேடு தேடி ஓடும் வாழ்வை யாரும் இன்பம் என்று சொல்லமாட்டார்கள். கூரைக்குப் பதில் காங்கிரீட், வீட்டுக்குள்ளேயே கழிப்பறை. மாசியே அதைப் பெருமையோடு சொன்னார். ஆனால் ஏழையின் வீடு நான்கு சுவரோடு முடிவதில்லை. வேலைக்கு நடக்கும் தூரமும், கடன் சொல்லும் மளிகைக் கடையும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக் கிழவியும் சேர்ந்ததே அவன் வீடு. சுவரை மட்டும் கொடுத்துத் தூரத்தையும் உடன் கொடுத்தால், நாள்தோறும் அவன் நேரத்திலும் கூலியிலும் வரி பிடித்தவர்கள் ஆகிறோம்.

வட்வாவில் ரயிலே இல்லையா எனலாம். பம்பாய்ப் பாதையில் பழைய ரயில் நிலையம் ஒன்று உண்டு. ஆனால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஓடி, நகரின் வீதிகளில் இறக்கிவிடும் வண்டி அதில் இல்லை. அத்தகைய வண்டி கரைக்கு வந்தபோது, கரையில் இருந்தவர்கள் அதன் பாதைக்கு அப்பால் போயிருந்தார்கள். மெட்ரோவின் அடுத்த கட்டம் 2024 செப்டம்பரில் திறக்கப்பட்டபோது, அது வடக்கே காந்திநகரை நோக்கிப் போயிற்று. தலைநகருக்கு ரயில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வட்வாவின் முறை எப்போது என்றுதான் கேட்கிறேன்.

அதற்குப் பணம் எங்கே என்பது அடுத்த கேள்வி. ரயில் வந்தால் நிலத்தின் விலை ஏறும். இது பொருளாதார மாணவர் அனைவரும் அறிந்ததே. இந்நகரில் மெட்ரோப் பாதையின் இருமருங்கும் 200 மீட்டர் வரை கூடுதல் மாடிகள் எழுப்ப விதிகள் இடம் தருகின்றன. பொதுப் பணத்தில் வந்த ரயிலால் தனியார் நிலத்துக்கு மதிப்பு கூடுகிறது. அந்தக் கூடுதலில் ஒரு பங்கு, வட்வாவிலிருந்தும் ஓடவிலிருந்தும் மெட்ரோ நிலையங்களுக்குச் செல்லும் பஸ்களுக்குப் போகட்டுமே! புதிய பாதை போடப் பல ஆண்டு ஆகும். பஸ் விட அத்தனை ஆண்டு வேண்டியதில்லை. ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் ஒரே சீட்டு. கடைசி ரயிலுக்குக் காத்திருக்கும் ஒரு பஸ். இவ்வளவே நான் கேட்பது.

இப்படியெல்லாம் அகமதாபாத்தைக் குறை சொல்ல நமக்கு அருகதை உண்டா? தம்பியின் கேள்விக்கு வருகிறேன். நம் சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டிப் பறக்கும் ரயில் 1997இல் மயிலைக்கும் 2007இல் வேளச்சேரிக்கும் வந்தது. அதே காலத்தில் நீர்க்கரைக் குடிசைவாசிகள் 2000 முதல் கண்ணகி நகருக்கும், 2015 வெள்ளத்துக்குப் பின் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். அவர்கள் குடியேறிய நாளில் அங்கே ரயில் இல்லை. வேலையை இழந்த பெண்களும் பள்ளியை விட்ட பிள்ளைகளும் அங்கேயும் உண்டு. ஆகவே இது குஜராத்தியின் குற்றமும் அன்று, தமிழனின் குற்றமும் அன்று. ஆற்றை அழகுபடுத்துவோர் ஒரு மேசையிலும், ரயில் பாதை வரைவோர் மற்றொரு மேசையிலும், வீடு ஒதுக்குவோர் மூன்றாவது மேசையிலும் உட்கார்ந்திருப்பதன் விளைவு இது.

அந்த மேசைகளில் நாளை உட்காரப் போகிறவர்கள் யார்? இந்த இதழைப் படிக்கும் நம்மில் சிலர்தாம். பொறியியல் படிப்போர் பாதை வரைவீர்கள். பொருளியல் படிப்போர் செலவுக் கணக்குப் போடுவீர்கள். சட்டம் படிப்போர் வழக்காடுவீர்கள். வரைபடத்தில் புதிய நிலையம் ஒன்றுக்குப் புள்ளி வைக்குமுன், இந்த இடத்தில் இருந்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று தேடி, அங்கேயும் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு இரண்டையும் ஒரு கோட்டால் சேருங்கள். அந்தக் கோடு ரயிலாக இருந்தாலும் சரி, பஸ்ஸாக இருந்தாலும் சரி.

தம்பி ஊருக்குத் திரும்பிவிட்டான். அவனுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்: “கூவம் கரையும் ஒருநாள் இப்படி ஆகலாம், ஆகவேண்டும். ஆனால் அன்று நாம் அங்கே காற்று வாங்கப் போகும்போது, கரையில் இருந்தவர்களும் நம்மோடு அதே ரயிலில் வந்து இறங்கவேண்டும். அதற்கு இப்போதே குரல் கொடு.”

உங்களுக்கும் நான் சொல்ல விரும்புவது அதுவே.