கியூபன் சாண்ட்விச் எந்த ஊருக்குச் சொந்தம்?

அமெரிக்காவில் ஊருக்கு ஒரு சூடான சாண்ட்விச் உண்டு. அதற்கென ஊருக்கு ஒரு சண்டையும் உண்டு. பிலடெல்பியாவில், மெல்லிதாக அரிந்து வாட்டிய மாட்டிறைச்சியைச் சீஸுடன் பாணுக்குள் வைத்துத் தரும் இரண்டு கடைகள், 1930இல் தொடங்கிய பாட்ஸும் 1966இல் தொடங்கிய ஜீனோஸும், ஒரே சந்தியில் எதிரெதிரே நின்று போட்டியிடுகின்றன. சிக்காகோக்காரர் பாணை இறைச்சிச் சாற்றில் தோய்த்துச் சட்டையை நனைத்துக்கொள்வதில் பெருமை காண்பவர். லூயிவில் நகரின் பிரவுண் ஹோட்டலில் 1926இல் பிறந்த 'ஹொட் பிரவுண்' கத்தியும் முள்ளுக்கரண்டியும் இல்லாமல் உண்ண முடியாதது. அதைச் சாண்ட்விச் என்று அழைக்கலாமா என்பதே எனக்குச் சந்தேகம். இந்த வழக்குகளில் ஒன்றில் மட்டும் எனக்கு உண்மையான அக்கறை உண்டு. புளோரிடா மாநிலத்தில் டாம்பா நகரும் மயாமி நகரும் கியூபன் சாண்ட்விச்சுக்கு உரிமை கோரி நடத்தும் வழக்கு அது.

(பன்றியிறைச்சி உண்ணாத வாசகர்கள் பொறுத்தருள்க. இந்தச் சாண்ட்விச்சில் அது இரண்டு வடிவில் வருகிறது, டாம்பாவில் மூன்று.)

நீண்ட கியூபப் பாணை நெடுக்காகப் பிளந்து, அதனுள் ஹாம், உள்ளி, புளித்தோடஞ்சாறு முதலியவற்றில் ஊறவைத்துச் சுட்ட பன்றியிறைச்சி, சுவிஸ் சீஸ், ஊறுகாயாக்கிய வெள்ளரிக்காய், மஞ்சள் கடுகுக் குழம்பு ஆகியவற்றை அடுக்கி, சூடான இரும்புத் தட்டுகளுக்கு நடுவே அழுத்தி எடுக்கிறார்கள். இவ்வளவிலும் இரண்டு நகரங்களுக்கும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. டாம்பாவில் இவற்றோடு ஜெனோவா சலாமியும் சேரும். சண்டை முழுவதும் அந்த மெல்லிய சலாமித் துண்டுகளைப் பற்றியதுதான்.

ஒர்லாண்டோவில் வசிக்கும் என் தமக்கையின் மகன் மயாமிக் கட்சி. பல வருடங்கள் அங்கே வேலை செய்தவர். அவருடைய காரில்தான் டாம்பாவுக்குப் போனேன். வழி நெடுக ஒரே வாக்கியத்தை வெவ்வேறு விதமாகச் சொல்லிக்கொண்டு வந்தார்: "சலாமி போட்டால் அது கியூபன் இல்லை, மாமா. கியூபாவிலை ஆர் சலாமி போட்டவன்?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அவர் தவறான இடத்தில் விடை தேடுகிறார் என்பது என் கருத்து.

1880களின் நடுப்பகுதியில், கீ வெஸ்ட் தீவில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்திவந்த விசென்தே மார்த்தினேஸ் இபோர் என்ற ஸ்பானியர், புதிதாகப் புகையிரதம் வந்து சேர்ந்திருந்த டாம்பாவுக்கு அருகே நிலம் வாங்கித் தொழிலை அங்கே மாற்றினார். இபோர் சிற்றி என்ற தொழிலாளர் பட்டினம் அப்படித்தான் உருவானது. கியூபரும் ஸ்பானியரும் முதலில் வந்தனர். சிசிலித் தீவிலிருந்து இத்தாலியர் பின்னால் வந்தனர். ஒவ்வொரு சமூகமும் தனக்கெனச் சங்கமும் மண்டபமும் கட்டிக்கொண்டது. அக்கால அமெரிக்கத் தென்பகுதியின் நிறப்பாகுபாட்டின் கீழ் கறுப்புக் கியூபர் தனிச் சங்கம் வைத்துக்கொள்ள நேர்ந்தது என்பதையும் மறைக்கக்கூடாது. ஆனால் சுருட்டுச் சுற்றும் பலகையில் இவர்கள் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்தார்கள். இடைவேளையில் சாப்பாட்டைப் பிரித்தார்கள். இத்தாலியரின் சலாமி கியூபரின் பாணுக்குள் புகுந்தது இந்த அண்டை வாழ்வினால்தான் என்பதே டாம்பா தரப்பின் விளக்கம். எனக்கு அது ஏற்புடையது. சிசிலி இத்தாலியின் தெற்கே, ஜெனோவா வடக்கே. ஆகவே சலாமியும் தன் ஊரிலிருந்து கொஞ்சத் தூரம் நடந்துதான் வந்திருக்கிறது.

இவ்விடத்தில் சற்று விலகிச் செல்ல வாசகர் அனுமதிக்க வேண்டும். அந்தத் தொழிற்சாலைகளில் 'லெக்தோர்' என்று ஒருவர் இருந்தார். உயர்ந்த மேடையொன்றில் அமர்ந்து, சுருட்டுச் சுற்றுவோருக்குச் செய்தித்தாளையும் நாவல்களையும் உரக்க வாசிப்பதே அவர் தொழில். அவருக்குச் சம்பளம் கொடுத்தவர் முதலாளி அல்லர். தொழிலாளர்களே தத்தம் கூலியிலிருந்து காசு சேர்த்துக் கொடுத்தார்கள். எழுத்தறியாத சுருட்டுத் தொழிலாளியும் உலக அரசியல் பேசக்கூடியவனாக இருந்தமைக்கு இது காரணம். 1891இல் ஹொசே மார்த்தி டாம்பாவுக்கு வந்து கியூப விடுதலைக்காகப் பேசியபோது, கேட்பதற்குப் பழக்கப்பட்ட செவிகள் அங்கே தயாராக இருந்தன. 1931இல் முதலாளிமார் வாசிப்பைத் தடைசெய்தார்கள். மேடைகள் போய் வானொலிப் பெட்டிகள் வந்தன. வாசகர்களே நேரில் சம்பளம் கொடுத்துத் தாங்கிய ஒரு பத்திரிகைத் தொழில் இது என்று எண்ணும்போது, அச்சுக்கூடத்தில் காலம் கழித்த எனக்குப் பொறாமையே வருகிறது.

நிற்க. மயாமியின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1959 புரட்சிக்குப் பின் பெருந்தொகையான கியூபர் நாடு விட்டு வந்து சேர்ந்தது மயாமிக்குத்தான். விட்டு வந்த ஊரின் சுவையை மாறாமல் காப்பது அவர்களுக்குச் சாப்பாட்டுப் பிரச்சினை மட்டுமன்று. இழந்த வீட்டின் திறப்பைக் கையில் வைத்திருப்பது போன்றது. எட்டாம் தெருவில் 1971இல் தொடங்கிய வெர்சாய் உணவகம் அவர்களின் நாடாளுமன்றம் எனலாம். 2016 நவம்பரில் பிடல் காஸ்ட்ரோ இறந்த செய்தி வந்த இரவில் மக்கள் கூடியதும், தொலைக்காட்சிக்காரர் ஓடியதும் அதன் வாசலுக்குத்தான். அந்த மேசையில் இருந்துகொண்டு சலாமியை அந்நியப் பொருள் என்று ஒருவர் சொல்லும்போது அவரோடு வாதிட மனம் வராது.

ஆயினும் வாதிடுகிறேன். நாட்டை விட்டுப் போன நாளோடு ஊரின் கடிகாரம் நின்றுவிட்டதாக எண்ணுவது புலம்பெயர்ந்தவரின் இயல்பு. நம்மவரிடமும் அதைக் கண்டிருக்கிறேன். ரொறன்ரோவில் ஒரு நண்பர் வீட்டில் ஒடியற்கூழ் குடித்துக்கொண்டிருந்தபோது, அங்கே அகப்பட்ட மீனைப் போட்டதற்காக ஒரு முதியவர் "இது கூழில்லை" என்று கோப்பையைத் தள்ளிவைத்தார். அதே வீட்டில் மறுநாள் காலை பாணும் சம்பலும் பரிமாறப்பட்டன. அவர் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். 'பாண்' என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. அதை அந்நியம் என்று யாரும் தள்ளிவைத்ததில்லை, ஏனென்றால் அது வந்து நெடுங்காலமாகிவிட்டது. டாம்பாவின் சலாமிக்கும் வயது கொஞ்சமன்று. மயாமிக்காரர் வந்திறங்குவதற்கு முன்பே அங்கே கியூபர் மூன்று தலைமுறை வாழ்ந்துவிட்டார்கள். அவர்கள் போட்டுத் தின்றது கியூபன் அல்ல என்றால், அவர்களும் கியூபர் அல்லர் என்று சொல்ல வேண்டிவரும்.

டாம்பாவின் பக்கம் நிற்கும் எனக்கும் அந்நகரசபை 2012இல் செய்தது பிடிக்கவில்லை. 'வரலாற்றுச் சிறப்புமிக்க டாம்பா கியூபன் சாண்ட்விச்' என்று தீர்மானம் போட்டு, அதையே நகரின் அடையாளச் சாண்ட்விச்சாக்கினார்கள். மயாமியிலிருந்து கேலி பறந்தது. யாரும் உத்தரவிடாமல் உள்ளே வந்த சலாமிக்கு இப்போது சபையின் முத்திரை. நாளை பக்கத்து வீட்டுக்கு வேறொரு நாட்டவர் வந்து தம் பொருளொன்றைச் சேர்த்தால், அதைத் தடுக்க இந்தத் தீர்மானத்தை எடுத்துக் காட்டுவார்கள்.

எங்கே உண்பது என்று கேட்பவர்களுக்கு: இபோர் சிற்றியில் 1915 முதல் இயங்கும் லா செகுந்தா வெதுப்பகத்துக்குக் காலையிலேயே போங்கள். ஒரு பாண் ஏறத்தாழ மூன்றடி நீளம். வேகவைக்கும் முன் அதன் முதுகில் சிறுபனை வகையொன்றின் ஓலைக்கீற்றை வைக்கிறார்கள். அந்தக் கோட்டிலேயே மேல்தோல் பிளக்கிறது. பனையின் நாட்டிலிருந்து வந்தவன் அதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றதில் வியப்பில்லை. ஆறுதலாக அமர்ந்து உண்ண விரும்பினால் 1905இல் தொடங்கிய கொலம்பியா உணவகம் அதே பகுதியில் இருக்கிறது. மயாமிக்குப் போவோர் வெர்சாயில் சாண்ட்விச்சை விட்டு 'மெதியாநோச்சே'யைக் கேளுங்கள். நள்ளிரவு என்பது அதன் பொருள். அதே உள்ளடக்கத்தை இனிப்பான முட்டைப் பாணில் வைத்துத் தருவது. அந்த ஒன்றில் மயாமியை வெல்ல ஆளில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்கே வாங்கினாலும் அழுத்திச் சூடாக்கித் தரச் சொல்லுங்கள், காருக்குள் கொண்டுபோகாமல் அங்கேயே தின்றுவிடுங்கள். கால் மணி நேரத்தில் மேல்தோலின் மொறுமொறுப்புப் போய்விடும்.

மருமகனுக்கு நான் சொன்னதும் இதைத்தான். அவர் கேட்கவில்லை, தன் பங்கைப் பொதி செய்து காரில் வைத்தார். பாதி வழியில் பிரித்தார். சலாமியை எடுத்து வீசுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வீசவில்லை. "பாண் ஆறிப் போச்சு" என்று மட்டும் சொன்னார்.