சுங்கை என்றால் ஆறு

சுங்கைப் பட்டாணி, சுங்கை லாலாங், சுங்கை பத்து. காலை நிகழ்ச்சியில் கெடா பக்கத்துச் செய்தி எதை வாசித்தாலும் இப்படி ஒரு பெயர் என் வாயில் வந்துவிடும். மலாயில் சுங்கை என்றால் ஆறு. நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால், 'எஸ்பி போறேன்' என்று கிளம்பும் நம்மில் எத்தனை பேர் அங்கே ஆற்றைத் தேடியிருக்கிறோம்?

என் பாட்டி பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் மரம் சீவியவர். "ஆத்துக்கு அந்தப் பக்கம்தான் நம்ம நெரை" என்பார். அவர் காலத்தில் ஆறுதான் வழிகாட்டி.

அந்த வட்டாரத்தின் முக்கிய ஆறு மெர்போக். 1,217 மீட்டர் உயர ஜெராய் மலையில் பெய்யும் மழை, மெர்போக் கெச்சில், பூஜாங், பத்து போன்ற சிற்றாறுகளாக இறங்கி அதில் சேர்கிறது. மலையடியில் பாறைகளுக்கு இடையே துள்ளும் தண்ணீர், சமவெளிக்கு வந்ததும் நிதானமாகிவிடும். பிறகு சதுப்புநிலக் காடுகளுக்கு நடுவே ஆறு அகன்று, நெத்திலிக்குப் பேர்போன தஞ்சோங் டாவாயில் கடலைத் தொடுகிறது. மெர்போக் ஊரிலிருந்து அங்கே போக காரில் அரை மணி நேரம் போதும். அவ்வளவு சின்ன ஆறு.

இந்தச் சின்ன ஆற்றைத் தேடித்தான் அன்று கப்பல்கள் வந்தன. வங்கக் கடலைத் தாண்டி வந்த மாலுமிக்குத் தூரத்திலேயே ஜெராய் மலை தெரியும். அதை நோக்கி வந்தால் அலையடிக்காத கழிமுகம், குடிக்க நல்ல தண்ணீர், காற்று திசை மாறும்வரை தங்க இடம். சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 2009 முதல் நடத்திய அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளும் படகுத்துறைகளின் தடயங்களும் கிடைத்தன. 1025இல் ராஜேந்திர சோழனின் படை வந்த கடாரம் இந்தப் பகுதிதான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

பெங்காலான் என்றால் படகுத்துறை. ஆனால், பெங்காலான் பூஜாங்கில் இன்று ஓடுவது ஒடுங்கிய ஓடை. பல நூற்றாண்டுகளாக மலையிலிருந்து வந்த வண்டல் நிலத்தை வளர்த்தது, கடல் விலகியது. அது இயற்கையின் வேலை. ஆனால், 2013இல் 'சண்டி 11' என்ற பழங்காலக் கட்டுமானம் வீடமைப்புக்காக இடிக்கப்பட்டது மனிதனின் வேலை. செய்தி வெளியானபோது நாம் கொதித்தோம். கோயில் இடிந்தால் கோபம் வருகிறது. ஆற்றங்கரையை மண் போட்டு மூடும்போது, குப்பையைக் கொட்டும்போது வருவதில்லை. வெள்ளம் வீட்டுக்குள் வந்த பிறகுதான் ஆறு ஞாபகத்துக்கு வருகிறது.

'கடாரம் கொண்டான்' என்று மேடையில் பெருமைப்படுகிறோம். நல்லதுதான். அந்தக் கடாரத்தை உண்டாக்கிய ஆறு, நம் வீட்டுக்குப் பக்கத்தில் பெயர்ப் பலகைகூட இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கலாம்.

அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். பத்து பஹாட் குன்றின் சண்டியைப் பார்த்ததும் திரும்பிவிடாதீர்கள். பக்கத்தில் ஓடும் மெர்போக் கெச்சிலையும் காட்டி, அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று சொல்லுங்கள். வீடு திரும்பியதும் உங்கள் தாமானுக்குப் பின்னால் ஓடும் ஆற்றின் பெயரைப் பிள்ளைகளிடம் கேளுங்கள். தெரியவில்லை என்றால் சேர்ந்தே கண்டுபிடியுங்கள். பெயர் தெரிந்த ஆற்றில் குப்பை போடக் கொஞ்சம் கை கூசும்.