பூட்டிய காரும் பிள்ளையின் வயதும்

ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்து உயர் நீதிமன்றம் 2015ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் வழங்கிய தீர்ப்பொன்று, பிள்ளை பெற்றோர் எவரும் ஒருகால் எதிர்கொள்ள நேரும் சிறு கேள்வியொன்றைச் சட்டத்தின் முன்னிலையில் நிறுத்திற்று. 2009இல் அம்மாநிலத்திலே ஒரு தாய் கடைத்தொகுதியொன்றின் வாகனத் தரிப்பிடத்தில் காரை நிறுத்தினாள். பின்னிருக்கையில் அவளுடைய 19 மாதக் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. இயந்திரத்தை ஓடவிட்டு, கதவுகளைப் பூட்டிவிட்டுக் கடைக்குள்ளே சென்றாள். 5 முதல் 10 நிமிடங்களுள் அவள் மீண்டபோது பொலிசார் வந்திருந்தனர். குழந்தைக்கு எவ்வித ஊறும் நேர்ந்திருக்கவில்லை. எனினும் சிறுவர் நலத்துக்குப் பொறுப்பான அரசாங்கப் பகுதி, அவள் குழந்தையைப் புறக்கணித்தவள் என முடிவுசெய்து, சிறுவர்க்குத் தீங்கிழைத்தோர் இடாப்பிலே அவள் பெயரைப் பதிந்தது.

அவ்விடாப்பு இலேசான பொருளன்று. சிறுவர் பராமரிப்பு நிலையத்தில் வேலை கேட்டுப் போகும் ஒருத்தியின் பெயரை அதிலே தேடிப் பார்ப்பார்கள். பத்து நிமிடச் செயலொன்று வாழ்நாள் முழுவதும் பின்தொடர்வதற்கு அதுவே போதும். ஆதலின் அவள் மேன்முறையிட்டாள். 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள், பெற்றோரின் பார்வைக்கு அப்பால் நிற்கும் காரிலே இத்தனை இளங்குழந்தையை விட்டகலுதல், எவ்வளவு குறுகிய நேரத்துக்காயினும், பேராபத்தை அழைப்பதேயாம் என்று கூறி முறையீட்டை நிராகரித்தனர். உயர் நீதிமன்றமோ ஏகமனதாக அதனை மாற்றிற்று. கார் கடையிலிருந்து எத்துணைத் தூரத்தில் நின்றது, தாயின் கண்ணுக்குத் தெரிந்ததா, எவ்வளவு நேரம் சென்றது, வேறு சூழ்நிலைகள் யாவை என்பனவற்றை விசாரியாமல் ஒருவரைப் புறக்கணித்தவர் என முத்திரையிடல் தகாது என்பது அதன் முடிபு. வழக்கு மறுவிசாரணைக்கு அனுப்பப்பட்டது. சம்பவம் நிகழ்ந்து ஆறு ஆண்டுகள் கழிந்தபின்னரே முறையான விசாரணைக்கு வழி திறந்தது என்பதை வாசகர் கவனிக்க.

பிள்ளை எவ்வயதில் காரில் தனித்திருக்கலாம் என்பதே பெற்றோர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. மன்று அதற்கு விடை கூறவில்லை, அக்கேள்வியைக் கேட்கவுமில்லை. ஆயின், பல மாநிலங்களின் சட்டமன்றங்கள் வயதையே முதற் கேள்வியாகக் கொண்டு எண்களாலே விடை எழுதி வைத்துள்ளன. ஏறத்தாழ 20 மாநிலங்களில் இதற்கெனத் தனிச் சட்டமுண்டு. டெக்சாசில் 7 வயதுக்குக் குறைந்த பிள்ளையை 5 நிமிடத்துக்கு மேல் விடலாகாது. புளோரிடாவில் 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 15 நிமிட எல்லை. இயந்திரம் ஓடிக்கொண்டிருப்பினோ பிள்ளையின் உடல்நலத்துக்கு ஆபத்திருப்பினோ ஒரு நிமிடமும் ஆகாது. இலினோயில் 6 வயதும் 10 நிமிடமும். ஹவாயில் 9 வயதுக்குக் குறைந்தோர்க்கு 5 நிமிடம். கலிபோர்ணியா 2002 முதல் 6 வயதும் அதற்குக் கீழும் என வரையறுத்து, நிமிடக் கணக்கை விட்டுவிட்டு, ஆபத்தான சூழ்நிலை உளதா, இயந்திரம் ஓடுகிறதா, திறப்பு வண்டியில் உளதா என்பனவற்றை நோக்குகின்றது. மீறினால் 100 டொலர் தண்டம். வேறு பல மாநிலங்களில் எண்ணே இல்லை. மாநில எல்லையைக் கடக்கும் குடும்பமொன்றின் ஆறு வயதுப் பிள்ளை, ஒரே பகலில் இருவேறு முதிர்ச்சியுடையதாய்விடுகின்றது!

வகுப்பறையை அறிந்தவர்கள் இவ்வெண்களை நம்பத் தயங்குவர். ஒரே மாதத்திற் பிறந்த இரு சிறுவருள் ஒருவன் தம்பியின் கைபிடித்துத் தெருவைக் கடப்பான். மற்றவன் தன் சப்பாத்தின் நாடாவைக் கட்டவும் ஆசிரியையின் முகத்தை நோக்குவான். ஆயினும் சட்டம் எண்ணின்றி எவ்வாறு நடக்கும் என்று கேட்பாரும் உளர். அவர் கேள்வியும் நேரியதே. அதற்குப் பின்னர் வருவேன்.

முதலில், மெய்யான ஆபத்து எதுவென்பதை நோக்குதல் வேண்டும். காரின் கண்ணாடி சூரிய ஒளியை உள்ளே விடும். அவ்வொளியாற் சூடேறிய இருக்கைகளும் சுக்கானின் முன்னுள்ள பலகையும் விடும் வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. 2005இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட பரிசோதனை இதனை எண்களாற் காட்டிற்று. வெளியே வெப்பநிலை 22 முதல் 36 பாகை செல்சியஸ் வரை இருந்த நாட்களில், மூடிய காரினுள்ளே ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 பாகை ஏறிற்று. அவ்வேற்றத்தின் 80 சதவீதம் முதல் அரைமணியிலேயே நிகழ்ந்தது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்ததனாற் பயனேதும் பெரிதாக விளையவில்லை. இளவெயில், இதமான காற்று என்று நாம் சொல்லும் 22 பாகை நாளிலும் கார் அடுப்பாகும் என்பதே இதன் பொருள். அரிசோனாவில் நடந்து 2018இல் வெளியான மற்றோர் ஆய்வு நிழலையும் கணக்கிட்டது. கோடை வெயிலில் நின்ற காரிலே இரண்டு வயதுக் குழந்தையின் உடல் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஆபத்தான சூட்டை அடையும். நிழலில் நின்ற காரிலே இரண்டு மணிக்கும் சற்றுக் குறைந்த நேரத்தில் அடையும். நிழல் தரும் அவகாசம் அவ்வளவே. பெரியவரின் உடலைவிடச் சிறு குழந்தையின் உடல் மூன்று முதல் ஐந்து மடங்கு விரைவாகச் சூடேறுகின்றது என்பதும் மருத்துவர் கூறுவது.

ஐக்கிய அமெரிக்காவில் இவ்வாறு இறக்கும் பிள்ளைகளின் தொகை 1998 முதல் ஆண்டுக்குச் சராசரி 37 அளவில் நிற்கின்றது. 2018இலும் 2019இலும் அது 50ஐக் கடந்தது. இறந்தவருட் பாதிக்கு மேற்பட்டோர் இரண்டு வயதும் நிரம்பாதவர். இவர்கள் எவ்வாறு காரில் அகப்பட்டனர் என்று பகுத்துப் பார்த்தால், வயதெல்லைச் சட்டங்களின் குறை புலனாகும். பாதிக்குச் சற்று மேற்பட்டோர் மறந்து விடப்பட்டவர்கள். நால்வரில் ஒருவரளவானோர், வாசலில் நின்ற காருக்குள் தாமாகவே ஏறி விளையாடி வெளிவர இயலாது போனவர்கள். ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினரே பெற்றோர் அறிந்தே விட்டுச் சென்றவர்கள். மறந்தவன் சட்டத்தை நினைந்து மறவாதிருக்கப் போவதில்லை. திறந்திருந்த காருள் ஏறிய குழந்தைக்குச் சட்டம் தெரியாது.

மறதியின் வரலாற்றிலே ஒரு கசப்பான திருப்பமும் உண்டு. 1990களில் காரின் முன்னிருக்கைக் காற்றுப்பைகள் விரிந்து சிறு பிள்ளைகள் உயிரிழந்தமையால், அவர்களைப் பின்னிருக்கையில் இருத்துமாறு பெற்றோர் அறிவுறுத்தப்பட்டனர். அவ்வறிவுரை எத்தனையோ உயிர்களைக் காத்தது. ஆனால் பின்னோக்கி அமைந்த தொட்டில் போன்ற இருக்கையில் உறங்கும் குழந்தை சாரதியின் கண்ணுக்குத் தப்பிற்று. கண்ணுக்குத் தப்பியது, களைத்த மூளைக்கும் தப்பிற்று. தென் புளோரிடாப் பல்கலைக்கழகத்தின் டேவிட் டயமண்ட் என்னும் நினைவாற்றல் ஆய்வாளர், வழக்கமான பாதையிற் செல்கையில் பழக்கத்துக்குரிய மூளைப்பகுதி மேலோங்கி, அன்றைக்கென வகுத்த திட்டத்தை அமிழ்த்திவிடுகின்றது என விளக்குகின்றார். பாசமின்மைக்கும் இதற்கும் தொடர்பில்லை. இதனையுணர்ந்த இத்தாலி, நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளையை ஏற்றிச் செல்லும் கார்களில் எச்சரிக்கும் கருவி இருத்தல் வேண்டுமெனச் சட்டமியற்றி, 2019 நவம்பரில் நடைமுறைப்படுத்திற்று. ஐக்கிய அமெரிக்காவிலும், 2001 செப்டம்பர் முதல் செய்யப்படும் கார்களின் டிக்கிக்குள்ளே இருளில் ஒளிரும் விடுவிப்புக் கைபிடி கட்டாயமாக்கப்பட்டதுபோல, இயந்திரத்தைத் திருத்திய சட்டங்கள் சில உண்டு. தாயைத் திருத்த முயலும் சட்டத்தைவிட இவை மிகுந்த உயிர்களைக் காக்குமென்பது என் எண்ணம்.

அவ்வாறாயின், அறிந்து சில நிமிடம் விட்டுச் செல்லும் தாயின்மேல் ஊரார்க்கு இத்துணைச் சினம் எங்கிருந்து எழுகின்றது? இதற்குக் கலிபோர்ணியாவின் இர்வைன் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர் 2016இல் வெளியிட்ட ஆய்வு ஓரளவு விடை தருகின்றது. ஆயிரத்துக்கு மேற்பட்டோரிடம், பிள்ளை தனித்திருந்த சிறு கதைகளைக் கொடுத்து, பிள்ளைக்கிருந்த ஆபத்தை மதிப்பிடச் சொன்னார்கள். இடமும் நேரமும் வயதும் மாறவில்லை. பெற்றோர் அகன்ற காரணம் ஒன்றே மாறிற்று. விபத்திலே தாய் நினைவிழந்ததனாற் பிள்ளை தனித்தது என்றபோது ஆபத்து குறைவென மதித்தவர்கள், அவள் காதலனைக் காணச் சென்றாள் என்றபோது அதே ஆபத்தை மிகப் பெரிதென மதித்தார்கள். வேலைக்காகத் தந்தை அகன்றால், தற்செயலாக நேர்ந்ததற்கு ஒப்பாகவே மதித்தார்கள். அதே வேலைக்காகத் தாய் அகன்றால் ஆபத்துக் கூடிற்று! காருக்குள்ளிருக்கும் வெப்பமானி, தாய் எங்கே போனாள் என்று கேட்பதில்லை. கேட்பது நாம்.

கிம் புரூக்ஸ் என்னும் எழுத்தாளர் 2011இல், வேர்ஜினியாவிற் குளிர்ந்த ஒரு நாளில், நான்கு வயது மகனைச் சில நிமிடம் காரில் விட்டுக் கடைக்குச் சென்றார். வழிப்போக்கர் ஒருவர் அதனைப் படம் பிடித்துப் பொலிசாருக்கு அறிவித்தார். வழக்கின் முடிவில் 100 மணி நேரச் சமூகப் பணி அவர்மேற் சுமந்தது. 2018இல் அவர் எழுதிய நூல் அச்சத்தின் காலத்தில் பிள்ளை வளர்த்தலைப் பற்றியது. படம் பிடித்தவர் அந்நேரம் காரருகே நின்று பிள்ளைக்குத் துணையாயிருந்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அரிசோனாவில் 2014இல் நேர்ந்தது வேறு வகை. வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போன தாயொருத்தி, இரண்டு வயதுப் பிள்ளையையும் ஆறு மாதக் குழந்தையையும் வெயிலிற் சூடேறிய காரில் விட்டுச் சென்றாள். ஆபத்து மெய்யானது, சட்டம் தலையிட்டதைக் குறை கூறேன். அவள் நிலையறிந்து பொதுமக்கள் ஒரு இலட்சம் டொலருக்கு மேல் உதவி அனுப்பினர். நீதிமன்றம் 18 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவள் வேலை தேடுவது எவ்வாறு என்ற கேள்விக்கு இரு தரப்பிலும் விடை இல்லை.

இனி, எண்ணின்றிச் சட்டம் எவ்வாறு நடக்கும் என்பதற்கு வருகிறேன். யூட்டா மாநிலம் 2018இல், போதிய வயதும் முதிர்ச்சியுமுள்ள பிள்ளை பள்ளிக்கு நடந்து செல்வதும், வெளியே விளையாடுவதும், காரில் தனித்திருப்பதும் புறக்கணிப்பாகா என்று சட்டத்திலேயே எழுதிற்று. ஆனால் 9 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வெப்பமோ கடுங்குளிரோ தாக்கும் நிலையில் காரில் விடுதல் அங்கும் குற்றமே. இவ்விணைப்பு எனக்கு உவப்பானது. எனினும் ‘போதிய முதிர்ச்சி’ என்பதை அளப்பவர் யார்? நல்லுடையணிந்தவரின் பிள்ளை முதிர்ந்ததாகவும், பழைய காரில் வந்தவளின் பிள்ளை கைவிடப்பட்டதாகவும் தோன்றுதல் கூடும். வறியவர்க்குச் சில வேளைகளில் எண்ணே காவல். ஆகவே, தானாக வெளிவர இயலாத வயதுக்குக் கலிபோர்ணியா போல் ஓர் எண்ணை வைத்து, தண்டத்தைச் சிறிதாக்கி, தீங்கு நேராதவிடத்து எவர் பெயரையும் இடாப்பில் ஏற்றாதிருப்பதே நேர்மை என்பேன். கனடாவில் வாழும் நம்மவர்க்கும் இது வெறும் செய்தியன்று. கியூபெக்கில் 7 வயதுக்குக் குறைந்த பிள்ளையைக் காரில் தனியே விடலாகாது. ஒன்ராறியோவில் கார் என்று தனித்துச் சொல்லாவிடினும், 10 வயதுக்குக் குறைந்த பிள்ளையைக் கவனிப்பின்றி விட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டால், தக்க ஏற்பாடு செய்தேன் என மெய்ப்பிக்கும் பாரம் பெற்றோர்மேலேயே விழும். இங்கிருந்து சென்று பேரப்பிள்ளையுடன் காரிலேறும் பாட்டன் பாட்டிமார் இதனை அறிந்திருத்தல் நன்று.

வீட்டிலே முடிவு செய்வோர் வயதைக் கேட்குமுன் பிள்ளையைக் காரில் இருத்திப் பார்க்கலாம். ஆசனப்பட்டியைத் தானே கழற்றுமா? பின்கதவுகளிற் சிறுவர் பூட்டு இடப்பட்டிருப்பின், உள்ளிருந்து கைபிடியை எவ்வளவு இழுத்தாலும் கதவு திறவாது. முன்னிருக்கைக்கு ஏறிச் சென்று திறக்க அதற்குத் தெரியுமா? ஹோர்னை விடாது அழுத்துமா? வெக்கையாயிருக்கிறது என்று உணர்ந்தவுடன், அம்மா ஏசுவாள் என்றஞ்சாமல் வெளியே வருமா? கடைசிக் கேள்வியிலேதான் பல ‘நல்ல’ பிள்ளைகள் தவறிவிடும். சொன்ன சொல் தட்டாமல் அசையாதிருக்கும் பிள்ளையைவிட, சூடேறினால் இறங்கிக் கடைக்கு ஓடிவரும் பிள்ளையையே நான் நம்பி விடுவேன். இவையனைத்தும் தெரிந்த ஒன்பது பத்து வயதுப் பிள்ளையை, குளிர்ந்த மாலையில், திறப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு, கடையின் கண்ணாடிக்கு அப்பால் தெரியும் இடத்தில் ஐந்து நிமிடம் இருத்திச் செல்வதிற் பிழையேதும் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அதனருகே இளையதொன்று இருக்குமாயின் கணக்கு மாறும். தன்னைத் தானே விடுவிக்கக்கூடிய ஒன்பது வயதுப் பிள்ளைக்கு, தோளிலும் இடுப்பிலும் கால்களுக்கிடையிலும் பட்டிகள் மாட்டிய கைக்குழந்தையை அழுகையினூடே கழற்றித் தூக்கிக்கொண்டு வெளிவருதல் எளிதன்று. உடனிருந்து பார்ப்பவருக்குக் கலிபோர்ணியா 12 வயதைக் கேட்கின்றது. டெக்சாஸ் 14ஐக் கேட்கின்றது. இவ்விரண்டினுள் நான் டெக்சாசின் பக்கமே நிற்கிறேன்.