சம்பவத்துக்கும் ஓர் அடையாளம் வேண்டும்

இணையத்தில் குவிந்துள்ள செய்திகளை மனிதர் வாசித்து அறிவதுபோல் இயந்திரங்களும் பொருள் உணர்ந்து கையாள வேண்டும் என்ற நோக்கத்தோடு எழுந்த பொருளுணர் வலை என்னும் பெருமுயற்சி, உலகத்து அறிவையெல்லாம் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்ற மூன்றே உறுப்புகள் கொண்ட சிறு கூற்றுகளாகப் பிரித்து எழுதிவிடலாம் என்ற எளிய கொள்கையின்மீது கட்டப்பட்டது. 1999-ஆம் ஆண்டில், வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி கூட்டமைப்பு அங்கீகரித்த ஆர்.டி.எஃப். முறைக்கு இந்த மும்மைக் கூற்றே அஸ்திவாரம். அதன் மேன்மையைக் குறைத்து மதிப்பதற்கில்லை. பொருள்களுக்குப் பொதுவான அடையாளங்கள் வழங்கப்பட்டிருக்குமானால், ஒருவர் எழுதிய கூற்றுகளும் அவரை அறியாத இன்னொருவர் எழுதிய கூற்றுகளும் ஓரிடத்தில் சேர்ந்த மாத்திரத்தில் ஒன்றோடொன்று பொருந்திவிடுகின்றன. ஆனால் உலகத்துச் சம்பந்தங்கள் யாவும் இரண்டு பொருள்களுக்கு இடைப்பட்டவை அல்ல.

மேரி கியூரியின் நோபல் பரிசுகளை எடுத்துக்கொள்வோம். 1903-இல் பௌதிகத்துக்கான பரிசின் ஒரு பாதி ஹென்றி பெக்கரெலுக்கும், மறுபாதி பியேர் கியூரி, மேரி கியூரி தம்பதியருக்கும் வழங்கப்பட்டது. 1911-இல் ரசாயனத்துக்கான பரிசு அம்மையார் ஒருவருக்கே கிடைத்தது. இவற்றை மும்மைக் கூற்றுகளாகச் சிதறவிட்டால், மேரி பெற்றது பௌதிகப் பரிசு, மேரி பெற்றது ரசாயனப் பரிசு, பெற்ற ஆண்டு 1903, பெற்ற ஆண்டு 1911, உடன் பெற்றவர் பியேர் என்று ஐந்து கூற்றுகள் அமையும். ஐந்தும் மெய்யே. ஆயினும் எந்த ஆண்டு எந்தப் பரிசுக்குரியது, உடன் பெற்றவர் எதில் பங்கு கொண்டார் என்னும் செய்தி அழிந்துபோனமையால், 1906-லேயே பாரிஸ் வீதியில் விபத்தில் மாண்டுபோன பியேர், 1911-இல் ரசாயனப் பரிசைப் பகிர்ந்துகொண்டார் என்று ஓர் இயந்திரம் கொண்டாலும், அதை மறுக்க அந்த ஐந்தில் எதற்கும் வலிமையில்லை. மெய்களை மாத்திரமே சேர்த்துவைத்த ஏட்டிலிருந்து பொய் பிறக்க இடமுண்டாகிறது என்பதுதான் இதிலுள்ள விபரீதம்.

இதற்கான பரிகாரத்தை, நடாஷா நோய், ஆலன் ரெக்டர் இருவரும் பதிப்பாசிரியர்களாக இருந்து 2006-இல் வெளியிட்ட டபிள்யூ3சி குறிப்பொன்று தெளிவாக வகுத்தது. சம்பந்தத்தை இரு பொருள்களை இணைக்கும் வெறுங்கோடாகக் கருதாமல், அதையே ஒரு பொருளாகப் பாவித்து, தனி அடையாளம் தந்து, அதில் பங்குகொண்ட ஒவ்வொன்றையும் அந்த அடையாளத்தோடு இணைக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1903-ஆம் ஆண்டுப் பரிசளிப்பு என்று ஒரு முடிச்சு; துறையும் ஆண்டும் மூவரின் பங்குகளும் அதைச் சார்ந்தவை. செய்தவர் யார், எதைக்கொண்டு, எங்கே, எப்போது, எதைச் செய்தார் என்பன யாவும் வினையைப் பற்றியே நிற்கும் என்று நன்னூலார் கண்டதும் இதே உண்மையைத்தான். இந்த முறையில் கூற்றுகள் பெருகும், கேள்விகள் நீளும் என்பது மெய்; ஆனால் அது கொடுக்கத் தகுந்த விலை.

அந்தக் குறிப்பிலேயே ஓர் உதாரணம் உண்டு: கிறிஸ்டீன் என்பவருக்கு மார்பகக் கட்டி இருப்பதற்கான சாத்தியம் அதிகம். இந்தச் சாத்தியம் கட்டியின் குணமன்று. மருத்துவரின் நிர்ணயத்துக்கு உரியது. நிகழ்ந்தது வேறு, நிகழ்ந்ததாக ஒருவர் உரைப்பது வேறு என்ற இந்தப் பேதத்தையே நம் காலத்துத் தரவு வல்லுநர் பலர் போதிய அளவு போற்றுவதில்லை என்பது என் அபிப்பிராயம். ஆர்.டி.எஃப். முறையில் கூற்றைப் பற்றியே கூற்று எழுதுவதற்கும் ஆதி முதலே வழி உண்டு. அவ்வாறு ஒரு கூற்றை வருணிப்பதனால் மாத்திரம் அந்தக் கூற்று மெய்யென்று உரைக்கப்பட்டதாக ஆகாது என்பது அதன் விசேஷம். யார் சொன்னார், எந்த ஆதாரத்தால் சொன்னார் என்பவற்றைப் பதிவதற்கு அது ஏற்றது. பரிசளிப்பையோ விற்பனையையோ வருணிப்பதற்கு அதைப் பயன்படுத்துவது சம்பவத்தின் தேதியையும் சாட்சியின் தேதியையும் ஒரே பத்தியில் எழுதுவதற்கு ஒப்பாகும்.

2012-இல் தொடங்கிய விக்கித்தரவு என்னும் பொதுத் தரவுக் களஞ்சியம், ஒவ்வொரு கூற்றுக்கும் ஆண்டு, உடன் பெற்றவர் போன்ற அடைகளை ஒரு பக்கமும் ஆதாரங்களை மறுபக்கமுமாகத் தனித்தனியே வைத்திருப்பது பாராட்டத்தக்க ஏற்பாடு. எனினும் அங்கே 1903-ஆம் ஆண்டுப் பரிசு, மூவரின் பக்கங்களிலும் மூன்று கூற்றுகளாகப் பதிவாகி, உடன் பெற்றவர் என்னும் அடைகளால் மாத்திரமே ஒன்றோடொன்று தொடர்புபடுகிறது. விக்கித்தரவின் சுருக்க வடிவை மட்டும் எடுத்தாளுகிறவருக்கோ பதவிக்காலம் போன்ற அடைகள் யாவும் உதிர்ந்துவிடுவதால், பதவி துறந்து நெடுங்காலமானவரும் இன்று பதவியில் இருப்பவரும் ஒரே ஸ்தானத்தில் தோன்றக்கூடும்.

தமிழருக்கு இந்த விசாரம் அந்நியமானதன்று. சோழர் காலத்து விளக்குக் கொடையொன்றில் கொடுத்தவர், கோயில், அரசனின் ஆட்சியாண்டு, ஒரு விளக்குக்கு 96 என்ற கணக்கில் விடப்பட்ட சாவா மூவாப் பேராடுகள், அவற்றைப் பொறுப்பேற்ற இடையர், அவர் நாள்தோறும் அளக்கவேண்டிய உழக்கு நெய் ஆகிய அனைத்தும் ஒரே செயலில் பின்னிக் கிடக்கின்றன. இவற்றை இரண்டிரண்டாக அறுத்தால், அதே கோயிலுக்கு அதே மனிதர் அளித்த மற்றொரு கொடையோடு ஆடும் நெய்யும் இடம் மாறிவிடும். ஆட்சியாண்டு கொடைக்கு உரியது. சிதைந்த எழுத்தை இன்னபடி வாசித்து அதற்குக் கிறிஸ்து சகாப்த ஆண்டு கணித்தது அறிஞருக்கு உரியது. அறிஞர் இருவர் இருவேறு ஆண்டுகளைக் கணித்தால், கொடை இரண்டாகிவிடாது. தமிழ்க் கல்வெட்டுகளை இயந்திரத் தரவுகளாக மாற்ற முனைந்திருப்போர், முதற் கூற்றை எழுதுவதற்கு முன்பே, கொடைக்கு ஓர் அடையாளத்தையும் அதைப் பற்றிய ஒவ்வொரு வாசிப்புக்கும் வேறோர் அடையாளத்தையும் வகுத்துக்கொள்ளும்படி வேண்டிக்கொள்கிறேன்.