கைக்கடிகாரம் கடலுக்குள் வழி காட்டுமா?

போன இதழில் மாவடு ஜாடியில் பூசணம் பிடிக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று எழுதினேன். இந்தத் தடவை ஜாடியை மூடி வைத்துவிட்டுக் கடலுக்குள்ளேயே இறங்கப் போகிறேன். "இவளுக்கு என்ன ஆச்சு?" என்று சிரிக்காதீர்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகள் இப்போது ஊட்டி, கொடைக்கானலோடு திருப்தி அடைவதில்லை. அந்தமான், மாலத்தீவு என்று கிளம்பி விடுகிறார்கள். முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு மீனோடு மீனாக நீந்துகிறார்களே, அந்த ஸ்கூபாவைப் பாண்டிச்சேரியிலேயே கற்றுக் கொடுக்கிறார்கள். நாளைக்கு உங்கள் பெண்ணோ பிள்ளையோ வந்து, "அம்மா, போகட்டுமா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? எனக்கு அந்தக் கேள்வி வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகனும் மருமகளும் முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள். போன டிசம்பரில் அந்தமானில் ஸ்வராஜ் தீவுக்குப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். 2018 வரை ஹேவ்லாக் என்று சொன்னோமே, அதே தீவுதான்.

முதல் நாள் ராத்திரி மகன் தன் புதுக் கைக்கடிகாரத்தைக் காட்டினான். விலையைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. ஆழம், நேரம், திசை எல்லாம் அதிலேயே தெரியுமாம். "இது கையில இருந்தா வழி தவறவே தவறாதும்மா" என்றான். துணி மடித்துக்கொண்டிருந்த மருமகள் நிமிராமலே சொன்னாள்: "அது திசையைத்தான் காட்டும், அத்தை. நாம எங்க இருக்கோம்னு அதுக்குத் தெரியாது." ஏதோ புருஷன் பெண்டாட்டி கேலி என்று நினைத்து நான் தூங்கப் போய்விட்டேன்.

மறுநாள் காலை படகில் போனோம். நான் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தேன். முந்தின இரண்டு நாளும் மழை. தண்ணீர் கலங்கலாக இருந்தது. வழிகாட்டி ஒருவர், நம் பிள்ளைகள் இரண்டு பேர், வேறு இரண்டு பேர், ஆக ஐந்து பேர் இறங்கினார்கள். முக்கால் மணி நேரத்தில் வந்து விடுவார்கள் என்றார்கள்.

நாற்பது நிமிஷத்தில் மூன்று தலை மேலே வந்தது. நம் பிள்ளைகள் இல்லை. வழிகாட்டிப் பையன் மூச்சு வாங்கிக்கொண்டே, "அவங்க ரெண்டு பேரும் வந்துட்டாங்களா?" என்று படகுக்காரரிடம் கேட்டான். எனக்கு அடிவயிற்றில் புளியைக் கரைத்தது. சுற்றிலும் தண்ணீர், தண்ணீர், தண்ணீர்தான். தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். பத்து நிமிஷம் ஒரு யுகமாகப் போனது.

படகுக்காரர்தான் முதலில் பார்த்தார். தூரத்தில் ஆரஞ்சு நிறத்தில் நெட்டுக்குத்தலாக ஒன்று நின்றது. காற்று நிரப்பிய நீளமான உறை அது. அதன் பக்கத்தில் இரண்டு தலைகள்! படகிலிருந்து இருநூறு மீட்டர் இருக்கும். நான் இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே விசாரித்தேன். கலங்கலில் வழிகாட்டியைத் தவற விட்டுவிட்டார்கள். அப்படி ஆனால் ஒரு நிமிஷம் மட்டும் சுற்றுமுற்றும் தேடிப் பார்த்துவிட்டு, மெல்ல மேலே வந்துவிட வேண்டும் என்பதுதான் பாடம். என் மகனோ, "கையில் கருவி இருக்கிறதே, படகுக்கே நேராகப் போய்விடலாம்" என்று கிளம்பிவிட்டான். மருமகள் கையில் பழைய முள் திசைகாட்டி. இறங்குவதற்கு முன்பே படகு எந்தத் திசையில் என்று பார்த்து வைத்திருக்கிறாள். முள் ஒரு பக்கம் சொல்கிறது, கடிகாரம் வேறு பக்கம் சொல்கிறது. விலை கூடினதைத்தானே நாம் நம்புவோம்? ஐந்தாறு நிமிஷம் நீந்தியிருக்கிறார்கள். நீரோட்டம் வேறு தள்ளியிருக்கிறது.

பிறகு அவள் கட்டை விரலை மேலே தூக்கிக் காட்டினாளாம். நமக்கு அது "பலே" என்று அர்த்தம். கடலுக்குள் அதற்கு "மேலே போகலாம்" என்று அர்த்தம். ஒருவர் காட்டினால் மற்றவர் மறுபேச்சில்லாமல் மேலே வர வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. என் மகனும் கேட்கவில்லை. அந்த மட்டும் புத்திசாலி.

சரி, அவ்வளவு விலை கொடுத்த கடிகாரம் ஏன் பொய் சொன்னது? நானும் துருவித் துருவிக் கேட்டேன். அதே கையில், கடிகாரத்தை ஒட்டி, டார்ச் விளக்கைக் கட்டியிருக்கிறான். தண்ணீர் புகாமல் இருக்க இந்த விளக்குகள் சிலவற்றில் காந்தத்தால் இயங்கும் சுவிட்ச் வைக்கிறார்கள். கடிகாரத்துக்குள் இருக்கும் திசைகாட்டி பூமியின் காந்தத்தை உணர்ந்து வடக்கைக் கண்டுபிடிக்கிறது. பக்கத்திலேயே ஒரு காந்தம் இருந்தால் அது பாவம், எதை நம்பும்? பெரிய இரும்புச் சாமான் பக்கத்தில் இருந்தாலும் இதே கதைதான். முள் திசைகாட்டியும் இதற்கு விலக்கல்ல. மருமகள் விளக்கை மற்றக் கையில் பிடித்திருந்ததால் தப்பித்தாள்.

"செல்போனில் வீட்டு வாசல் வரைக்கும் வழி சொல்கிறதே, அதைக் கடிகாரத்தில் வைத்தால் என்ன?" என்று கேட்டேன். வைத்திருக்கிறார்கள். 2017லேயே கார்மின் கம்பெனி அப்படி ஒரு முக்குளிப்புக் கடிகாரத்தைக் கொண்டு வந்தது. ஆனால் வானத்துச் செயற்கைக்கோள் அனுப்பும் ரேடியோ அலையை உப்புத் தண்ணீர் ஓரிரு அங்குலத்துக்குள் விழுங்கி விடுகிறது. அதனால் எங்கே இறங்கினோம், எங்கே மேலே வந்தோம் என்பதை மட்டும் அது குறித்து வைக்கும். நடுவில் நாம் எங்கே இருக்கிறோம் என்று செயற்கைக்கோளுக்குத் தெரியாது. மருமகள் சொன்னது இதைத்தான்!

ரேடியோ போகாத இடத்தில் சத்தம் போகும். தண்ணீருக்குள் சத்தம் விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகிறது. காற்றில் போவதைப் போல நாலு மடங்குக்கு மேல். அதனாலேயே நம் காதுக்கு அங்கே திசை பிடிபடாது. இரண்டு காதிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விழுவதால், படகு மோட்டார் எல்லாப் பக்கமும் இரைவது போல இருக்குமாம். ஆனால் இதற்கென்று கருவி உண்டு. படகிலிருந்து ஒரு பெட்டியைத் தண்ணீருக்குள் தொங்க விடுகிறார்கள். அது விட்டு விட்டு ஒலி எழுப்பும். கையில் இருக்கும் கருவி அதைக் கேட்டு, படகு எந்தப் பக்கம் என்று காட்டும். சிலவற்றில் எவ்வளவு தூரம் என்றும் தெரியும். நடுவில் பெரிய பாறை வந்துவிட்டால் அதுவும் திணறும். பாட்டரி தீர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் கல் கட்டிய கயிற்றைப் பிடித்து இறங்குவார்கள். மேலே படகில் ஒருவர் கயிற்றில் கை வைத்தபடி இருப்பார். அசைத்தால் இழுத்து விடுவார். பெரும்பாலும் அது மைத்துனராகத்தான் இருக்கும் என்று சொல்வார்கள். தங்கையின் தாலி மேல் அவருக்கு இல்லாத அக்கறையா? இன்றைக்குக் கயிறு இல்லை. ஆனால் அந்த அக்கறை வேண்டியிருக்கிறது. கருவி உதவி செய்யும். "இது சரியாகப் படவில்லை, மேலே போகலாம்" என்று முடிவெடுக்க வேண்டியது மனுஷர்தான்.

ஆகவே, சகோதரிகளே, "போகவே கூடாது" என்று தடுக்காதீர்கள். இதைக் கேளுங்கள்:

* இறங்குவதற்கு முன் படகு, கரை எந்தத் திசை என்று பார்த்து வைத்துக்கொள்வாயா?

* பாட்டரி மாற்றின பிறகு கடிகாரத்தின் திசைகாட்டியை மறுபடி சரிசெய்தாயா? டார்ச்சை வேறு கையில்தானே வைத்திருக்கிறாய்?

* கருவி கெட்டால் கைவசம் ஒரு முள் திசைகாட்டி உண்டா? ஆரஞ்சு உறையும் விசிலும் எடுத்துக்கொண்டாயா?

* துணையைப் பிரிந்தால் ஒரு நிமிஷம்தான் தேடுவாய் அல்லவா? வேகமாக மேலே வராமல், ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிஷம் நின்று வருவாய் அல்லவா? (எங்களை மேலே அத்தனை பாடு படுத்தியதில் இந்த மூன்று நிமிஷமும் உண்டு. அவர்கள் அவசரப்படாததால்தான் நல்லபடியாக வந்தார்கள்.)

உடம்பு விஷயமும் சொல்லி விடுகிறேன். ஜலதோஷம், காது வலி இருந்தால் அன்றைக்கு இறங்க வேண்டாம். ஆஸ்துமா, இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போகக் கூடாது. கர்ப்பிணிகள் ஸ்கூபா பக்கமே போக வேண்டாம். சில நாள் தொடர்ந்து முக்குளித்தவர்கள் விமானம் ஏற 18 மணி நேரமாவது பொறுக்க வேண்டும்.

மறுநாள் காலை அவர்கள் மறுபடியும் இறங்கினார்கள். நான் தடுக்கவில்லை. படகு ஏறும்போது மகன் டார்ச்சை வலது கைக்கு மாற்றிக் கட்டிக்கொண்டான். பிறகு மருமகளிடம், "படகு எந்தப் பக்கம்னு நீயும் ஒரு தடவை பாரு" என்றான். நான் பிளாஸ்க்கைத் திறந்து நிம்மதியாகக் காபி குடித்தேன்.