குழந்தையின் எடை என்ன?

காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்குக் கழுத்து திரும்பவில்லை என்றால், நம் வீடுகளில் முதலில் தேடப்படுகிறவர் சுளுக்கு வழிப்பவர்தான். கைக்குழந்தையாக இருந்தால் 'உரம் விழுந்துவிட்டது' என்று புடவையில் போட்டு உருட்டுகிறோம். காதுக்குக் கீழே வீங்கியிருந்தால் 'பொன்னுக்கு வீங்கி' என்று முடிவு கட்டி, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பற்றுப் போட்டு, கழுத்தில் தங்கச் சங்கிலியையும் மாட்டிவிடுகிறோம். ஊரை விட்டு தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் வந்து மூன்று தலைமுறை ஆகியும் இந்த வழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை.

பல நேரங்களில் இதனால் பெரிய கெடுதல் வருவதில்லை. நோய் தானாகவே தணிந்துவிடும். பற்றுக்குப் பெயர் கிடைத்துவிடும். ஆனால், இதே அறிகுறிகளோடு வந்து ஓரிரு நாளில் உயிருக்கே உலை வைக்கும் நோய் ஒன்று உண்டு. அதுதான் கழுத்தின் ஆழத்தில் ஏற்படும் சீழ்க்கட்டி.

தொண்டைக்குப் பின்புறம், முதுகெலும்புக்கு முன்னால், சிறு குழந்தைகளுக்கு நிணநீர்க் கணுக்கள் உண்டு. சுமார் 5 வயதுக்குள் அவை சுருங்கிவிடும். அதற்குள் மூக்கிலோ தொண்டையிலோ காதிலோ கிருமி புகுந்தால், அது இந்தக் கணுக்களில் தங்கிச் சீழ் பிடிக்கலாம். வளர்ந்த பிள்ளைகளுக்கு டான்சில் பக்கத்திலும், சொத்தைப் பல்லின் வழியாகத் தாடைக்கு அடியிலும் சீழ் கட்டும். தொண்டையில் குத்திய மீன் முள்ளும் இதற்கு வழி திறந்துவிடலாம். சீழ் பெருகினால் மூச்சுக்குழலை அழுத்தும். அல்லது கீழே இறங்கி நெஞ்சுக் கூட்டுக்குள் பரவும்.

வெளியே பார்த்தால் பல சமயம் வீக்கமே தெரியாது. ஆகவே மற்ற அடையாளங்களைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். காய்ச்சலோடு குழந்தை கழுத்தை அசைக்க மறுக்கும். அல்லது தலையை ஒரு பக்கமாகவே சாய்த்துக் கொண்டிருக்கும். எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வாயிலிருந்து ஒழுகவிடும். வாயைத் திறக்கச் சிரமப்படும். குரல் அடைத்து, வாய்க்குள் எதையோ வைத்துக்கொண்டு பேசுவது போலக் கேட்கும். மூச்சு இழுக்கும்போது சத்தம் வரும். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம். விரலையோ கரண்டியையோ விட்டுத் தொண்டையைப் பார்க்கவும் வேண்டாம். அந்தக் கணமே பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

இதில் எடைக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எடை இந்த நோயை உண்டாக்குவதில்லை, உண்டாக்குவது கிருமி. ஆனால் நோயைக் கண்டுபிடிப்பது முதல் குணமாக்குவது வரை ஒவ்வொரு படியிலும் எடை குறுக்கே வந்து நிற்கிறது.

மெலிந்த குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊட்டம் குறைந்த உடம்பில் கிருமியை எதிர்க்கும் சக்தியும் குறைவு. விழுங்க முடியாமல் ஒரு நாள் பாலும் தண்ணீரும் இறங்காவிட்டால், அந்தச் சின்ன உடம்பு சீக்கிரம் வற்றிவிடும். 2019-21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 32.1 சதவிகிதம் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள். மூன்றில் ஒரு குழந்தை என்றே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது கொழுத்த குழந்தை. 'கண் பட்டுவிடப் போகிறது' என்று திருஷ்டிப் பொட்டு வைத்து நாம் பெருமைப்படுகிற குழந்தை. மடிப்பு விழுந்த கழுத்தில் வீக்கம் மறைந்துகொள்கிறது. கை வைத்துப் பார்த்தாலும் எளிதில் அகப்படாது. அறுவை செய்து சீழை எடுக்க நேர்ந்தால், மயக்க மருந்து கொடுக்கும்போது மூச்சு வழியைக் காப்பது பருத்த குழந்தைக்குக் கூடுதல் சிரமம். அதே கணக்கெடுப்பில், எடை மிகுந்த குழந்தைகள் 3.4 சதவிகிதம். முந்தைய கணக்கெடுப்பில் இது 2.1. பிஸ்கட்டும் சிப்ஸும் குளிர்பானமும் நம் குடிசைகளுக்குள்ளும் நுழைந்துவிட்ட காலத்தில், இந்த எண் இனி இறங்கும் என்று தோன்றவில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது மருந்தின் அளவு. பெரும்பாலான மருந்துகளைக் குழந்தைகளுக்குக் கிலோ கணக்கில்தான் கொடுக்க வேண்டும்; வயதுக் கணக்கு போதாது. நம் எல்லார் வீட்டிலும் இருக்கும் பாராசிட்டமால் சிரப்பையே பாருங்கள். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு 100 முதல் 150 மில்லிகிராம் போதும். கடையில் விற்கும் சிரப் இரண்டு விதம். ஒன்றில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம், மற்றதில் 250. 'ஒரு ஸ்பூன் கொடு' என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்டால், முதல் பாட்டிலில் அளவு சரி. இரண்டாவது பாட்டிலில் அது மிகை. அதே முதல் பாட்டிலின் ஒரு ஸ்பூன், 18 கிலோ பிள்ளைக்குப் போதவே போதாது. சமையலறைக் கரண்டியால் அளந்தால் அந்தக் கணக்கும் தவறிப்போகும்.

காய்ச்சல் மருந்துக்கே இந்தக் கதை என்றால், கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாடிக்கின் கதி என்ன? அரைகுறை அளவில் இரண்டு நாள் கொடுத்து நிறுத்தினால், காய்ச்சல் சற்றுத் தணியும். சீழ் உள்ளே இருந்துகொண்டே இருக்கும். பெற்றோர் ஏமாந்துபோகும் இடம் இதுதான். அதே சமயம், எடை கூடிய பிள்ளைக்குக் கணக்கைப் பெருக்கிக்கொண்டே போகவும் கூடாது. அதற்கும் ஓர் உச்ச அளவு உண்டு. அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். 2014 மார்ச் முதல் அமலில் உள்ள எச்-1 பட்டியலின்படி, செஃபிக்ஸிம் உள்ளிட்ட பல ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றதைப் பதிவேட்டில் எழுதவும் வேண்டும். ஆனால் சந்துமுனைக் கடையில் நிலவரம் என்ன என்பது வாசகர்களுக்கே தெரியும். விற்பவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கேட்டு வாங்குபவர்கள் நாம்தான்.

எடை இன்னொரு செய்தியையும் சொல்லும். கழுத்தில் வலியில்லாத கட்டி இரண்டு வாரத்துக்கு மேலும் கரையாமல், எடையும் ஏறாமல் இருந்தால், காசநோய் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். நெருக்கமாக வாழும் மும்பைக் குடியிருப்புகளில் இதை மறக்கவே கூடாது. போன மாதத்து எடை தெரிந்தால்தானே இந்த மாதம் குறைந்ததா என்று சொல்ல முடியும்!

'குழந்தையை நிறுத்துப் பார்த்தால் கண் படும்' என்று சில பாட்டிமார் தடுப்பதுண்டு. பாட்டியின் பாசத்தில் குறையில்லை. ஆனால் 1975 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில், இத்தனை ஆண்டுகளாக அங்கன்வாடிகளில் குழந்தைகளை நிறுத்து அட்டையில் எழுதி வருகிறார்கள். அந்த அட்டையைப் பரணில் போட்டுவிட்டு, தராசின் மீது பழி போடுவது நியாயமா?

நமக்கு மொழிச் சங்கடமும் உண்டு. சயன் மருத்துவமனையிலோ பரேல் வாடியா மருத்துவமனையிலோ நள்ளிரவில் போய் நிற்கும் தாய்க்கு இரண்டு மூன்று சொல்லாவது வாயில் வர வேண்டும். இந்தியிலும் மராத்தியிலும் எடை 'வஜன்'. கழுத்து இந்தியில் 'கர்தன்', மராத்தியில் 'மான்'. எச்சில் ஒழுகுவதை 'லார்' என்று சொன்னால் இந்தி தெரிந்த டாக்டருக்குப் புரியும். 'கர்தன்', 'லார்', 'வஜன் பாரா கிலோ' என்று சொல்லத் தெரிந்தால் போதும். விலைமதிப்பற்ற பத்து நிமிஷம் மிச்சமாகும்.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. மாநகராட்சி மருந்தகமானாலும் தனியார் கிளினிக்கானாலும், குழந்தைக்கு எழுதும் ஒவ்வொரு சீட்டிலும் எடையைக் குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் நாம் கேட்க வேண்டும். பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் மேடை போடும் நம் தமிழ்ச் சங்கங்கள், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு தராசைக் கொண்டுவந்து வைக்கலாம். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் ஆசிரியர்கள் இதை எளிதாகச் செய்யலாம். ஒரு மேடையின் மின்விளக்குச் செலவுகூட ஆகாது.

தங்கத்தைக் குன்றிமணி பிசகாமல் நிறுத்து வாங்கத் தெரிந்தவர்கள் நாம். அந்தத் தங்கத்தைக் காய்ச்சல்காரக் குழந்தையின் கழுத்தில் போடுவதற்கு முன், குழந்தையையும் ஒருமுறை நிறுத்துப் பார்ப்போம். அந்த எண்ணைக் கதவுக்குப் பின்னால் மாட்டிய காலண்டரில் மாதந்தோறும் எழுதி வைப்போம்.