சுவிட்சைத் தேடுங்க, அறுத்துப் போடாதீங்க

புரட்டாசி மழை விட்ட மறுநாள். எங்க கரிசல் மண்ணுல விதைக்கிற பதம் ரொம்ப நாள் நிக்காது, விட்டா இறுகிப் போயிடும். அன்னைக்குப் பார்த்து எங்க பழைய டிராக்டர் கிளம்பல. லைட் பளிச்னு எரியுது, ஹாரன் அடிக்குது. சாவியைத் திருப்பினா மட்டும் 'டக்'குனு ஒரு சத்தம்கூட இல்லை.

டவுனிலிருந்து மெக்கானிக் வந்து சேர சாயங்காலம் ஆயிருச்சு. கிளட்ச் பெடல் பக்கம் குனிஞ்சவர், ரெண்டு ஒயரை வெட்டி ஒண்ணா முறுக்கி டேப் சுத்தினார். வண்டி கிளம்பிருச்சு. "அது சும்மா ஒரு சுவிட்சுண்ணே, இல்லாட்டியும் ஓடும்" என்றார். கேட்ட 500 ரூபாயைச் சந்தோஷமாத்தான் கொடுத்தேன்.

ஒரு வாரம் போயிருக்கும். வண்டி கியர்ல நிக்கிறது தெரியாம, என் மகன் கீழே நின்னுக்கிட்டே சாவியைத் திருப்பிட்டான். வண்டி ஒரே குதி குதிச்சு, தொழுவத்துச் சுவரை இடிச்சு நின்னுச்சு. பெரிய சக்கரத்துக்கும் அவன் காலுக்கும் ஒரு சாண்தான் இடைவெளி.

அந்த 'சும்மா' சுவிட்ச் எதுக்குன்னு அன்னைக்குத்தான் உறைச்சது. கிளட்சை மிதிச்சாத்தான் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கரண்ட் போகணும், அதுக்குத்தான் அதை வச்சிருக்காங்க. பேட்டரியோட மைனஸ் ஒயரைக் கழற்றிட்டு, டார்ச் அடிச்சுத் தேடினேன். பெடல் வந்து அழுத்துற இடத்துல, கட்டைவிரல் தண்டி சாமான். சேறு அப்பி, பின்னுல பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்துச்சு. சுரண்டித் துடைச்சு, வெட்டின ஒயரைப் பழையபடி சேர்த்தேன். இன்னைக்கு வரைக்கும் வேலை செய்யுது. அரை மணி நேர வேலைங்க இது.

சிட்டியில இருக்கிற உங்களுக்கும் இதே கதைதான். நிறைய ஸ்கூட்டர்ல பிரேக்கைப் பிடிச்சாத்தான் செல்ஃப் எடுக்கும். செல்ஃப் எடுக்கலைன்னா உடனே பேட்டரி மாத்த ஓடாதீங்க. சாவியைப் போட்டுட்டு ரெண்டு பிரேக்கையும் தனித்தனியா பிடிச்சுப் பாருங்க. எந்தப் பிரேக்குக்குப் பின்னால சிவப்பு லைட் எரியலையோ, அந்த லீவர் அடியில இருக்கிற சின்ன சுவிட்ச் மேலதான் முதல் சந்தேகம். பைக்குல கால் பிரேக்குக்கான சுவிட்ச் பெடல் பக்கத்துல, பெரும்பாலும் ஒரு சின்ன ஸ்பிரிங்கோட இருக்கும். புது வண்டிகள்ல சைடு ஸ்டாண்டுகிட்டயும் ஒண்ணு உண்டு.

எந்த சுவிட்ச் எங்கே இருக்குன்னு படம் போட்டு, தமிழ்ல ஒரே ஒரு பக்கம் கொடுத்தா கம்பெனிக்காரங்களுக்கு என்ன குறைஞ்சிடும்? எனக்கு வண்டியோட வந்த புத்தகம் முழுக்க இங்கிலீஷ். பத்தாவது படிச்ச நான் அதுல எதைத் தேடுறது?

வண்டி வச்சிருக்கிறவன் மெக்கானிக் ஆக வேண்டாம். ஆனா தன் வண்டி சுவிட்ச் இருக்கிற இடம் தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சிருந்தா, "சும்மா சுவிட்ச்"னு ஒருத்தர் வெட்ட வரும்போது கையைப் பிடிச்சு நிறுத்தியிருப்பேன். தொழுவத்துச் சுவரை நான் இன்னும் பூசல. பார்க்கிறப்போ எல்லாம் ஞாபகம் வரட்டும்னு விட்டுட்டேன்.